மாமூல் வைத்தியம்

அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். நீல பிளாஸ்டிக் வாளி. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த எங்கள் ஆபீசில் தண்ணீர் பிடித்து வைப்பதற்காக வாங்கியது. அன்றைக்கு அதைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே மடித்த சீட்டுகளைப் போட்டிருந்தார்கள். கார்வேட்டிநகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஊருக்கு ஒருவராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து வந்து வாளிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்தார்கள். சீட்டில் பச்சைப் புள்ளி இருந்தால், அந்த ஊரில் பிபி இருப்பவர்களுக்கு மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வரும். புள்ளி இல்லாவிட்டால் வருஷத்துக்கு இரண்டு தடவை அளவு மட்டும் எடுப்போம். மூன்று வருஷம் கழித்து இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டு, வீடு தேடி மாத்திரை கொடுத்தால் எத்தனை பேருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வராமல் போகிறது, அது அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று எழுதி அனுப்புவார்கள். அதுதான் ஆராய்ச்சி.

எங்கள் ஊர் சார்பில் வார்டு மெம்பர் வந்திருந்தார். அவர் எடுத்தது வெறும் சீட்டு. அடுத்து வந்தவர் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குப் பச்சை.

"இன்னாம்மா, நம்ம ஊருக்கு உழலியே" என்றார் மெம்பர், நான் வாளியைச் சரியாகப் பிடிக்காததால் அப்படி ஆனதுபோல.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய் நான்கு மாதம். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அவள் என் நைனாவின் கூடப்பிறந்தவள், அதனால் எனக்கு எப்போதும் அத்தைதான். புத்தூரில் தெலுங்கு மீடியத்தில் டிகிரி முடித்திருந்தேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆராய்ச்சிக் காகிதங்களோ தெலுங்கில் இருந்தன. இரண்டும் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டபோது எனக்கு அந்த வேலை கிடைத்தது.

திருப்பதியில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆளை ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று முறை அளவெடுத்து முதல் அளவை விட்டுவிட வேண்டும். அளவெடுக்கும்போது பேசக் கூடாது. எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. தோளில் நீலப் பை, கழுத்தில் அட்டை. ஆராய்ச்சியை நடத்திய மேடம் சென்னையிலிருந்து வந்த டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கணக்குப் போடுகிற டாக்டர் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். வெயில் பாராமல் எங்களோடு நடப்பார். எந்த ஊரிலும் தரையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார்.

வெறும் சீட்டு விழுந்த ஊர்களைத் தெலுங்குக் காகிதத்தில் 'மாமூலு வைத்தியம்' என்று போட்டிருந்தார்கள். எப்போதும் நடக்கிற வைத்தியம் என்று பொருள். எங்கள் ஊரில் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது பெண்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாமூலுன்னா இன்னா? போலீசுக்குக் குடுக்கறதா?"

"இல்லக்கா. எப்பவும் எப்பிடியோ அப்பிடியேன்னு அர்த்தம்."

"எப்பவும் எப்பிடியோன்னா ஒண்ணும் இல்லன்னுதானே?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அவள் கட்டைவிரலை மையில் தோய்த்தேன்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவள். உரத்த குரல். அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்து வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோவார். அவளும் அத்தையும் ஒன்றாக மாம்பழக் கூழ் கம்பெனிக்குப் போவார்கள்; மாங்காய்க் காலம் முடிந்தால் அங்கேயே கொய்யாவும் பப்பாளியும் வரும். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்க நின்றுகொண்டு பழம் அறுக்கிற வேலை. திரும்பி வரும்போது இரண்டு பேர் மேலும் ஈ மொய்க்கும்.

சொந்த ஊரில் அளவெடுக்கவோ மாத்திரை கொடுக்கவோ கூடாது என்பது விதி. அதனால் எனக்கு ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பச்சைச் சீட்டு ஊரைக் கொடுத்தார்கள். தினமும் கரைமேல் நடந்து போய் மாத்திரை கொடுத்துவிட்டு அதே கரையில் திரும்பி வருவேன். எங்கள் ஊரில் அளவெடுக்க நாயுடுபேட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணை அனுப்பினார்கள். தெலுங்குப் பெண், என் வயசுதான், நல்ல சிநேகிதி ஆகிவிட்டாள். முதல் சுற்றில் அவள் அத்தைக்கு அளவெடுத்தாள். மேல் அளவு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. விதிப்படி ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தாள்: சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவும்.

அத்தை போனாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பத்து நாள் மாத்திரை வாங்கி வந்தாள். மறுபடி போனபோது ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா என்றார்களாம். அதற்குள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி மேஸ்திரி அவள் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிட்டான். அதைத் திரும்ப வாங்க அத்தை அவனிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் போகவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. தலைதான் கொஞ்சம் கனமா கீது."

என் பை நிறைய அதே மாத்திரை. அதைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் சோறு சாப்பிடுவோம்.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு மேடத்திடம் கேட்டேன். மேடம் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ரெண்டு ஊருக்கும் குடுத்துட்டா, மாத்திரையால நல்லதாச்சா இல்ல தானா ஆச்சான்னு நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாதும்மா. தெரியலைன்னா எந்த அரசாங்கமும் செலவு பண்ணாது. இதை நிரூபிச்சுட்டா எல்லா ஊருக்கும் வரும். உங்க ஊருக்கும்தான்."

"அதுவரைக்கும் மேடம்?"

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, "உங்க மாமியாருக்கு மருமகளா நீங்க கடையில வாங்கிக் குடுக்கறதை நான் தடுக்க முடியாது. ஆனா நம்ம மாத்திரை ஒண்ணுகூட அந்த ஊருக்குள்ள போகக் கூடாது. யாருக்கும் எதுவும் சொல்லவும் கூடாது" என்றார்.

அவர் சொன்னதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். சிக்கலே அதுதான். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க முடிந்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன்.

அத்தையிடம் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிப் புத்தூர் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் தலைக்கனம் போய்விட்டது என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் சரி. பழம் அறுக்கிற இடத்தில் நின்றுகொண்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

முதலில் வந்தது எதிர்வீட்டு அக்கா. வேன் வருவதற்கு முன்னால், நான் பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் குந்தினாள்.

"எனக்கும் அளவு ஜாஸ்தின்னு சீட்டு குடுத்தாளே அந்தப் பொண்ணு. எனக்கும் ஒரு அட்டை மாத்திரை குடேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போக்கா."

"போனா மேஸ்திரி இடத்த எடுத்துருவான். உங்க அத்தைக்கு ஆனத நீ பாக்கலியா?"

கொடுக்க முடியாது என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். மூன்றாம் முறை அவளோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷமாக மழை சரியில்லை. பெங்களூரில் கட்டட வேலை கொட்டிக் கிடக்கிறது என்றார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்தே மேஸ்திரிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் படித்த பிள்ளைகள் ரேணிகுண்டா பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளுக்கும் சென்னைக்கும் போனார்கள். மாத்திரைப் பையோடு போய் நிற்பேன். கதவில் பூட்டு தொங்கும். 'ஆள் ஊரில் இல்லை' என்று எழுதி, மிச்சமான மாத்திரை அட்டைகளை மாதக் கடைசியில் திருப்பதியில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாதம் நான் அப்படி எழுதவில்லை. பூட்டிய வீட்டுக்கு நேரே 'கொடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அந்த அட்டைகள் என் பையிலேயே கரையைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தன. பெங்களூரில் செங்கல் சுமக்கிற ஒருத்தி என் நோட்டில் தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மாத்திரையை எங்கள் எதிர்வீட்டு அக்கா சாப்பிட்டாள்.

உகாதிக்குள் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். விடிவதற்குள் பின்வாசலுக்கு வருவார்கள். அளவு பார்ப்பேன், கொடுப்பேன். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். எதிர்வீட்டு அக்காகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். ஒரு நாள், "உன் கை ராசியான கை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என்னை டாக்டர் மாதிரி பார்த்தார்கள்.

அரையாண்டு அளவெடுப்பு வரப்போகிறது என்று தேதி சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. என் சிநேகிதி எங்கள் ஊருக்கு வந்து மிஷினை வைப்பாள். மாமூல் வைத்திய ஊரில், போன தடவை அளவு ஏறிக் கிடந்த ஏழு பேருக்கு இப்போது நன்றாக இறங்கியிருக்கும். எப்படி என்று கேட்பார்கள். ஒருத்தி வாயைத் திறந்தால் போதும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வழக்கம்போல மளிகைக் கடை போனில் என் வீட்டுக்காரர் பேசினார். கடையில் ஆள் இருந்ததால் எதையும் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"இன்னா ஆச்சு உனக்கு? நான் இங்க பாஸ்போர்ட்டை முதலாளிகிட்ட குடுத்துட்டு உக்காந்துக்கினு கீறேன். வரணும்னாலும் வர முடியாது. உனக்கு ஊர்லயே ஒரு வேலை கெடைச்சிருக்குது, அத்தப் போய் வுடறேன்றியே?"

"இல்ல, சும்மா சொன்னேன்."

"ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கினு இரு. நானும் அப்பிடித்தான் கீறேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவருக்கு அங்கே ஒரு பூட்டு, எனக்கு இங்கே ஒன்று என்று அன்றைக்குத் தோன்றியது. அவருடைய பூட்டை வேறு யாரோ போட்டார்கள். என்னுடையதை நானே போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பின்வாசலுக்கு வந்தவர்களிடம் சொன்னேன்: அளவெடுக்க வருகிறார்கள், அதுவரை மாத்திரை வேண்டாம், இப்போதே நிறுத்திவிடுங்கள். யாராவது கேட்டால் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள்.

மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் நின்றாள்.

"நிறுத்தினா ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. ரெண்டு வாரம்தான்."

எனக்கு அது தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. பத்து நாள் பயிற்சியில் அளவெடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், மாத்திரை கொடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிறுத்துவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நிறுத்த வேண்டிய தேவை வரும் என்று யாரும் நினைக்காததால். அத்தைக்கு மட்டும் நிறுத்தவில்லை. அவளுடையது கடையில் வாங்கியது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அளவெடுப்பு நான் நினைத்தபடியே முடிந்தது. ஏழு பேருக்கும் அளவு மறுபடி ஏறியிருந்தது. ஏழு பேருக்கும் சிநேகிதி சீட்டு எழுதிக் கொடுத்தாள். "மீ ஊருலோ அந்தரிகீ எக்குவே" என்று என்னிடம் வருத்தப்பட்டாள். உங்கள் ஊரில் எல்லோருக்குமே அதிகமாக இருக்கிறதே என்று. ஆனால் அதற்கப்புறம் திருப்பதியிலிருந்து ஆட்கள் நோட்டுகளைச் சரிபார்க்க வந்து எங்கள் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று மாத்திரை கொடுப்பதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளினேன். அக்கா ஒரு காலையில் வந்து, "கண்ணு முன்னால பூச்சி பறக்குதுடி" என்றாள். "இன்னும் நாலு நாள் பொறுத்துக்கக்கா" என்றேன்.

மூன்றாம் நாள் அவள் கூழ் கம்பெனியில் விழுந்தாள். பருவத்தின் முதல் லோடு மாங்காய் வந்த வாரம். அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை நழுவவிட்டாளாம். குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே பழக்குவியல்மேல் சாய்ந்துவிட்டாள். கம்பெனி வேனிலேயே போட்டுப் புத்தூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் போன அத்தை சாயங்காலம் வந்து சொன்னாள். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. உயிருக்கு ஒன்றும் இல்லையாம்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆராய்ச்சி ஊர்களில் யாருக்காவது பக்கவாதம் வந்தால் அதற்கென்று ஒரு தனிக் காகிதம் உண்டு. ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டு எழுத வேண்டும். எங்கள் ஊருக்கு உரியவள் சிநேகிதி. ஆனால் பெங்களூரிலிருந்து ஓடி வந்திருந்த அக்காவின் வீட்டுக்காரருக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது. ஒரே வேகத்தில் கேட்டால் திணறுவார். அதனால் தமிழில் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வார்டு வராந்தாவில் அவரை உட்கார வைத்தோம். அக்காவை முறை மாற்றிப் பார்த்துக்கொள்ள அத்தையும் வந்திருந்தாள். தூணில் சாய்ந்து நின்றாள். சிநேகிதி கேள்விகளைத் தெலுங்கில் படித்தாள். நான் தமிழில் கேட்டேன். அவர் சொன்னதைத் தெலுங்கில் திருப்பிச் சொன்னேன். எப்போது விழுந்தாள், யார் பார்த்தார்கள், முன்னால் தலைவலி இருந்ததா. எட்டாவதோ ஒன்பதாவதோ கேள்வி: கடந்த ஆறு மாதத்தில் பிபிக்கு மாத்திரை சாப்பிட்டாரா?

"மாமா, அக்கா பிபிக்கு மாத்திரை எதனா துன்னுக்கினு இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா. போன்ல ஒண்ணும் சொல்லல. உனக்குத்தான் தெரியும், எதிர்வூட்ல கீறே."

சிநேகிதி பேனாவோடு என்னைப் பார்த்தாள். அத்தை தூணிலிருந்து நிமிர்ந்தாள்.

"லேது" என்றேன். இல்லை.

அவள் எழுதினாள். அடுத்த கேள்விக்குப் போனாள். மீதிக் கேள்விகளை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று நினைவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். புத்தூரில் பஸ் மாறும்போது மட்டும் சொன்னாள்:

"அவ வாயால சொல்ல முடியாதுன்னுதானே இல்லன்ன?"

மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனேன். ஆபீஸ் திறக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மொட்டையடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கியவர்கள் கூட்டம் கூட்டமாக எதிரே டிபன் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். மேடம் வந்தார். உள்ளே போனதும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய வீடுகள், டிக் போட்டது, ஏழு பேர், நிறுத்தச் சொன்னது, நேற்று 'லேது' என்றது.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார்.

"எப்ப நிறுத்தச் சொன்னே?"

சொன்னேன்.

"அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். இல்லன்னா முன்னால இருந்ததைவிட மேல போகலாம்."

"அதனாலதானா மேடம் அக்காவுக்கு…?"

"ஒருத்தரை வெச்சு அதைச் சொல்ல முடியாது." மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீ குடுக்காமலே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். நிறுத்தாம இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆயிரம் பேரை வெச்சாத்தான் சொல்ல முடியும். அதுக்குத்தான் இவ்வளவு பாடுபட்டோம்."

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து நான் சொன்னதை எல்லாம் அவர் கையாலேயே எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். இதை மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றார். அனுப்பினால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கழுத்து அட்டையையும் நீலப் பையையும் மேஜைமேல் வைத்தேன். நான் படி இறங்கும்போது மேலேயிருந்து கூப்பிட்டு, "மத்த ஆறு பேரையும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. நான் அங்க டாக்டர்கிட்ட போன்ல பேசறேன்" என்றார். பேசியிருந்தார். ஆறு பேருக்கும் அன்றைக்கே மாத்திரை கிடைத்தது. அத்தையோடு போய் ஒவ்வொரு வீடாக நின்று அழைத்துக்கொண்டு போனேன். வேலை போனது ஊருக்குத் தெரிந்தது. ஏன் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு மாத்திரை கொடுத்ததால் போய்விட்டது என்று அந்த ஆறு பெண்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதுவும் பொய்யில்லை. அவர்கள் என்னைப் பார்த்துக் கண்கலங்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

அக்காவின் வீட்டுக்காரர் அதற்கப்புறம் பெங்களூர் போகவில்லை. கொத்துக் கரணையைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு, ஊரில் கிடைத்த கூலி வேலைக்குப் போனார். அக்காவைக் குளிப்பாட்டிவிடவும், அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடவும் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் அவர் போட்ட பின்னல் கோணலாக நிற்கும். அக்கா இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு முறைப்பாள். பேச்சு ஒரு வருஷத்தில் குழறலாகத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்கு வகை மாத்திரை எழுதியிருந்தார்கள். அட்டைகளில் இருந்ததை அவரால் படிக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் எதிர்வீட்டுக்குப் போய், வாரத்துக்கு வேண்டியதைக் காலை, சாயங்காலம் என்று பிரித்துப் பொட்டலம் கட்டி வைப்பேன். ஆனால் அக்கா அவர் கையால் சாப்பிட மாட்டாள். துப்பிவிடுவாள். நான் கொடுத்தால் மட்டும் விழுங்குவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தினமும் ஆனது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். மாங்காய்க் காலத்தில் நானும் அத்தையோடு பழம் அறுக்கப் போனேன். வேன் வருவதற்குள் எதிர்வீட்டுக்கு ஓடுவேன். என் வீட்டுக்காரர் இரண்டு முறை லீவில் வந்து திரும்பிப் போனார். சென்னையில் வீடு பார்த்து என்னைக் குடிவைக்கிறேன் என்று ஒருமுறை சொன்னார். தன் தம்பி வீடு அங்கே இருக்கிறது, துணைக்கு ஆள் இருக்கும் என்றார். அக்காவுக்கு யார் மாத்திரை கொடுப்பது என்றேன். "அது உன் வேலையா?" என்றார். எழுந்து எதிர்வீட்டுக்குப் போனேன்.

"உன்ன மாதிரி ஒரு பொண்ண நான் பாத்ததில்ல" என்பார் அக்காவின் வீட்டுக்காரர். கோயில் பிரசாதம் எது கிடைத்தாலும் முதலில் எனக்குத்தான் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் வாங்கி உள்ளே போய் வைத்துவிட்டுச் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பல வருஷம் கழித்து ரேணிகுண்டா ஸ்டேஷனில் அந்தச் சிநேகிதியைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளோடு ரயிலுக்குக் காத்திருந்தாள். டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பேசினோம். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, வீடு தேடி மாத்திரை கொடுத்தால் நல்ல பலன் இருக்கிறது என்று முடிவு வந்தது என்றாள். மேடம் அதற்கப்புறம் வேறு ஊருக்குப் போய்விட்டாராம்.

"எங்க ஊரும் ஏரிக்கு அந்தாண்ட ஊரும்?"

கொஞ்சம் தயங்கினாள். "ஆ ரெண்டு ஊள்ளு தீசேசாரு" என்றாள். அந்த இரண்டு ஊர்களையும் எடுத்துவிட்டார்கள். கணக்கு கெட்டுப்போனதால் சேர்க்க முடியவில்லையாம்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மாத்திரை சாப்பிட்டவர்கள் கணக்கிலும் அக்கா இல்லை, சாப்பிடாதவர்கள் கணக்கிலும் இல்லை. அவள் விழுந்தது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும் அது இருந்தது. அதில் பாதி அவளுக்கே தெரியாது.

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வெளியே வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து சொன்னேன். மாத்திரை கொடுத்தது, நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நிறுத்தச் சொன்னது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்று அவள் வந்து நின்றது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் எதிரிலேயே பொய் சொன்னது. இதனால்தான் அவளுக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இதனால் வரவில்லை என்றும் சொல்ல முடியாது என்று மேடம் சொன்னதையும் சொன்னேன்.

அவர் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். எழுந்து அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்தார். கிணற்றுப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். தோள் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. முதல்ல உங்ககிட்ட…"

"சொல்லாத."

"அக்காவுக்குத் தெரியணும் இல்லியா?"

"சொல்லாதன்றேன்." குரலை உயர்த்தவில்லை. "அவ உன் கையாலதான் துன்றா. உன்ன நம்பித்தான் துன்றா. நீ போய் இத்தச் சொன்னேன்னு வெச்சிக்கோ, நாளையிலேருந்து வாயத் தொறக்க மாட்டா. அப்ப யாரு குடுப்பா? நீயா, நானா?"

நான் எழுந்தேன்.

"உன் மனசுல கீறது உன் மனசுலயே கெடக்கட்டும்" என்றார். உட்கார்ந்து கயிறை எடுத்தார். "நேரமாச்சு. போய்க் குடு."

உள்ளே போனேன். காலடிச் சத்தத்துக்கு அக்கா விழித்துக்கொண்டாள். ரேணிகுண்டாவிலிருந்து என்ன வாங்கி வந்தாய் என்று குழறலாகக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். கோபித்துக்கொண்டாள். சாயங்காலப் பொட்டலத்தைப் பிரித்து, அவள் தலையை நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவர் எனக்குப் பிரசாதம் கொண்டுவருவதில்லை. வேறெதுவும் மாறவில்லை. இப்போது எங்கள் ஊருக்கும் மாதாமாதம் மாத்திரை வருகிறது. ஹெல்த் டிபார்ட்மென்ட் பெண் ஒருத்தி போனில் பெயரைத் தட்டிக்கொண்டே வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அக்காவுடைய அட்டைகளை அவள் என்னிடம்தான் கொடுக்கிறாள்.